அப்பாருவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு ஒரு ஃபயரிங் பின்: வெளிநாட்டிலிருந்து சட்டப்படி வரவழைக்க வழி உண்டா?

பவானிக்கரை (கோபிசெட்டிபாளையம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்திலிருந்து வீட்டில் ஒரு 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. பர்மிங்காமில் செய்தது, குதிரைகள் (விசையை இழுத்ததும் பின்னை அடிக்கும் சுத்திகள்) இரண்டும் வெளியே தெரியும் பழைய வகை. அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்ததும், 2016 ஆயுத விதிகள் வாரிசுக்குத் தரும் வாய்ப்பின்படி லைசென்ஸை முறையாக என் பெயருக்கு மாற்றிக்கொண்டோம்.

சென்ற மாதம் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தோட்டா இல்லாத வெறும் குழலில் இடது குதிரையை இழுத்து விட்டுவிட்டேன். கீழே விரித்திருந்த செய்தித்தாளில் அரிசிக் குருணை அளவில் ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தால், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னின் முனை. எண்பது ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லாமல் இருந்த பொருள் என் அவசரத்தால் முறிந்ததை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பழைய துப்பாக்கிகளின் பாகங்களை விற்கும் இங்கிலாந்துக் கடை ஒன்றில் இதே வகைப் பின் இருக்கிறது. பின்னின் விலையைவிட அனுப்பும் செலவுதான் அதிகம். பொட்டலத்தின் மேல் ‘இயந்திர உதிரிபாகம்’ என்று எழுதி அனுப்பிவிடுவதாக அந்த விற்பனையாளர் சொல்கிறார். அப்படி வரவழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தின் எடைகூட இல்லாத இந்தப் பொருளை நேர்வழியில் இறக்குமதி செய்வது எப்படி என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பீளமேடு பட்டறை (கோவை)

அண்ணா, கோயமுத்தூரை வைத்துக்கொண்டு ஒரு பின்னுக்காக இங்கிலாந்து வரை போக வேண்டுமா? பம்ப் ஷாஃப்ட்டை நூறில் ஒரு மில்லிமீட்டர் சுத்தத்தில் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் எங்கள் தெருவிலேயே பத்து இருக்கின்றன. முறிந்த துண்டை மாதிரியாகக் கொடுத்தால் ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை இது. இதில் சட்டச் சிக்கல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

ஈரோடு வழக்குரைஞர்

பீளமேட்டு நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த இழையில் கேட்கப்பட்ட எதையும்விட ஆபத்தான யோசனை அதுதான் என்பதால், முதலில் அதற்கே பதில் எழுதுகிறேன்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2ஆம் பிரிவில் துப்பாக்கி என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது, துப்பாக்கியின் பாகங்களையும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. ஆகவே ஒரு பின்னைக் கடைவது, சட்டத்தின் கண்ணில், துப்பாக்கித் தயாரிப்பு என்ற தலைப்பின் கீழ் வருகிறது. உரிமம் இல்லாமல் தயாரிக்கவோ, விற்கவோ, பழுதுபார்க்கவோ கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. அதை மீறினால் 25(1)(அ) பிரிவின் கீழ் தண்டனை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. நம் ஊர் லேத்காரர் நூறு ரூபாய் கூலிக்கு, என்ன பொருள் என்றுகூடக் கேட்காமல், உதவி என்று நினைத்துச் செய்து கொடுப்பார். பின்னாளில் வழக்கு என்று வந்தால் துப்பாக்கி வைத்திருப்பவரிடம் காட்ட லைசென்ஸாவது இருக்கும். கடைந்து கொடுத்தவரிடம் அதுவும் இருக்காது. தொழில் தெரிந்த கைகளை இப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி இறக்குமதி. அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, கடல், தரை, வான் என எந்த வழியாக ஆயுதத்தைக் கொண்டுவந்தாலும் உரிமம் வேண்டும் என்கிறது. அதற்கு ஒரு விலக்கும் தருகிறது: ஓர் ஆயுதத்தை வைத்திருக்கத் தகுதியுள்ளவர், தம் சொந்தப் பயன்பாட்டுக்காக, நியாயமான அளவில், தனி உரிமம் இல்லாமல் கொண்டுவரலாம். பலர் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த உட்பிரிவையும் படிக்க வேண்டும். வந்தவருக்கு அந்த விலக்கு பொருந்துமா, அளவு நியாயமானதா, எதற்குப் பயன்படப்போகிறது என்பதில் சுங்க ஆணையருக்கு ஐயம் எழுந்தால், மத்திய அரசின் உத்தரவு வரும்வரை பொருளை அவர் நிறுத்திவைக்கலாம். ஒரு பின்னுக்காக மத்திய அரசின் உத்தரவு எப்போது வரும் என்று காத்திருக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

ஆனைமலை அடிவாரம் (பொள்ளாச்சி)

ஐயா, ஒரு சந்தேகம். 45ஆம் பிரிவின் கடைசியில், ஆயுதங்களின் சிறு பாகங்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று இருப்பதாக ஒருவர் எனக்குக் காட்டினார். ஃபயரிங் பின்னைவிடச் சிறிய பாகம் வேறு என்ன இருக்கப்போகிறது? அப்படியானால் இவ்வளவு தயக்கம் எதற்கு?

ஈரோடு வழக்குரைஞர்

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், ஏனென்றால் அந்த உட்பிரிவைப் பாதி மட்டும் படித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

45(ஈ) விலக்கு அளிப்பது சிறு பாகங்கள் எல்லாவற்றுக்கும் அல்ல. தாமோ மற்றொருவரோ வைத்திருக்கும் துணைப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்கு மட்டும்தான் அந்த விலக்கு. வயலில் கிடைத்த பழைய துப்பாக்கிக் குதிரை ஒன்றை அலமாரியில் காட்சிக்கு வைத்திருப்பவரை அது காப்பாற்றும். கோபி நண்பரின் நோக்கமோ அந்தப் பின்னைத் தம் துப்பாக்கியில் மாட்டிச் சுடும் நிலைக்குக் கொண்டுவருவது. மற்ற பாகங்கள் அனைத்தும் அவர் வீட்டிலேயே இருக்கின்றன. ஆகவே விலக்கின் நிபந்தனை அவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த உட்பிரிவு பெறுதல், வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல் என்ற மூன்றைத்தான் சொல்கிறது. நாட்டுக்குள் கொண்டுவருதல் என்ற சொல் அதில் இல்லை. பாகம் சிறியதா பெரியதா என்பதைவிட அது எதற்காக வருகிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

நொய்யல் கிளியரிங் (திருப்பூர்)

சட்டத்தை வழக்குரைஞர் ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் இருபது ஆண்டுகளாகப் பின்னலாடை இயந்திரங்களின் உதிரிபாகங்களைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பொட்டலம் வந்து இறங்கும்போது நடப்பதை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சுங்கத்தில் எல்லாப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. ஆயுதங்கள் 93ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. அதில் 9305 என்ற தலைப்பு பாகங்களுக்கும் துணைப்பொருள்களுக்கும் உரியது. நம் நாட்டின் இறக்குமதிக் கொள்கையில் அந்த அத்தியாயம் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது. அதாவது ஆயுதச் சட்டத்தின்படி உங்களுக்குத் தடை இல்லை என்று வைத்துக்கொண்டாலும், வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் இறக்குமதி அனுமதி தனியாக வேண்டும். அதன் வட்டார அலுவலகம் கோவையிலேயே இருந்தாலும், கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களுக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழு டெல்லியில்தான் கூடுகிறது. இரண்டு சட்டங்கள், இரண்டு கதவுகள். ஒன்று திறந்திருப்பதால் மற்றொன்றும் திறந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

இதில் நுணுக்கமான ஒரு விஷயமும் உண்டு. 93ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு, பொதுப் பயன்பாட்டுப் பாகங்களை அந்த அத்தியாயத்திலிருந்து விலக்கிவிடுகிறது. திருகாணி, ஸ்பிரிங் போன்றவை அந்தந்த உலோகத்தின் அத்தியாயத்துக்கே போய்விடும். தனியாக வரும் தொலைநோக்கிக் குறிகாட்டி 90ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். இதைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கி ஸ்பிரிங் வெறும் ஸ்பிரிங்தானே என்று சிலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். சுங்கவரி அட்டவணை வரியை நிர்ணயிக்க வந்தது. ஆயுதச் சட்டத்தில் ‘பாகம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அது தீர்மானிப்பதில்லை. எப்படியானாலும் ஃபயரிங் பின்னுக்குத் துப்பாக்கிக்கு வெளியே ஒரு வேலையும் கிடையாது. அதைப் பொதுப் பயன்பாட்டுப் பாகம் என்று யாரும் வாதிட முடியாது.

‘இயந்திர உதிரிபாகம்’ என்று எழுதி அனுப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது ஒன்று, தாளில் எழுதியிருப்பது வேறொன்று என்றாலே 1962 சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி பொருளைப் பறிமுதல் செய்யலாம். 112ஆம் பிரிவின்படி அபராதமும் விழும். எழுதியவர் இங்கிலாந்தில் இருப்பார். நோட்டீஸ் கோபிசெட்டிபாளையத்துக்கு வரும். உண்மையான பெயரோடு வந்த பொருள் சிக்கினால் அதிகாரியிடம் பேச ஏதாவது இருக்கும். பொய்ப் பெயரோடு வந்த பொருள் சிக்கினால், நீங்கள் எதைச் சொன்னாலும் அந்தப் பொய்க்குப் பிறகு சொன்னதாகவே ஆகிவிடும். அந்த விற்பனையாளரிடம் நீங்கள் தயங்கியது மிகச் சரி.

பத்து மீட்டர் அம்மா (கோவை)

இந்தப் பேச்சில் எங்களைப் போன்றவர்களின் நிலையையும் சொல்ல அனுமதியுங்கள். என் மகள் பள்ளியில் படித்துக்கொண்டே பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி எடுக்கிறாள். 2016 விதிகளின்படி, குண்டு குழலை விட்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால் பாகங்கள் வரவழைப்பதும் எளிது என்று நம்பி ஏமாந்தவள் நான்.

அவளுடைய ரைஃபிளின் காற்று உருளையில் ஒரு தேதி பொறித்திருக்கிறது. உருளையின் ஆயுள் அதிகபட்சம் பத்து ஆண்டுகள் என்பது சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதி. நாங்கள் அந்த ரைஃபிளை ஒருவர் பயன்படுத்திய பிறகு வாங்கினோம், தேதி நெருங்கிவிட்டது. புதிய உருளை ஒன்றும் சீல் தொகுப்பு ஒன்றும் ஜெர்மனியிலிருந்து வாங்கினோம். கடைக்காரர் நல்லெண்ணத்தில் ‘விளையாட்டுப் பொருள்’ என்று மட்டும் எழுதியிருந்தார். ஊடுகதிர்ப் படத்தில் உருளையைப் பார்த்தவர்கள் நிறுத்திவைத்துவிட்டார்கள். வாரக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. அந்த இடைவெளியில், உள்ளூர்க் கடையில் வாங்கிய சாதாரண ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) சீலுக்குப் பதிலாகப் போட்டுப் பார்த்தோம். 200 பார் அழுத்தத்தில் அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பிதுங்கி வெளியே வந்துவிட்டது. அவள் மாவட்டப் போட்டியை விட்டுவிட்டாள். அன்று வீட்டில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டலில் ஒரு நெம்புகோல் முறிந்து, அதைச் சரிசெய்வதற்குள் போட்டியின் விலைமதிப்பற்ற நிமிடங்கள் போய்விட்டதை எல்லோரும் பார்த்தோம். அவருக்குப் பக்கத்திலேயே பயிற்சியாளரும் மாற்றுப் பிஸ்டலும் இருந்தும் அந்த நிலை. ஊரில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சீல் என்பது சிறிய பொருள் இல்லை.

இப்போது நாங்கள் தனியாக எதையும் வரவழைப்பதில்லை. கிளப் வழியாக, உரிமம் பெற்ற இறக்குமதியாளரிடம், ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளின் தேவையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். விலை கூடுகிறது, ஆனால் பொருள் வரும் என்ற நிச்சயம் இருக்கிறது.

நொய்யல் கிளியரிங் (திருப்பூர்)

அம்மா, உங்கள் மகள் அடுத்த போட்டிக்குப் போய்வர வாழ்த்துகிறேன். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு: காற்று நிரம்பிய உருளை விமானச் சரக்கில் ஆபத்தான பொருள் என்ற வகையில் சேரும். முற்றிலும் காலி செய்து, காலி என்று எழுதித்தான் அனுப்பச் சொல்ல வேண்டும். ரைஃபிளில் மாட்டும் உருளை அரை லிட்டருக்கும் குறைவு என்பதால் எரிவாயு உருளை விதிகளின் வரையறைக்குள் வராது. ஆனால் அதற்குக் காற்று நிரப்பப் பயன்படும் பெரிய உருளை வந்துவிடும். அதற்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி தனி.

ஆனைமலை அடிவாரம் (பொள்ளாச்சி)

45ஆம் பிரிவைப் பற்றிய விளக்கத்துக்கு நன்றி ஐயா. பாதி படித்தவர்களில் நானும் ஒருவன் என்று புரிகிறது. கடைசியாக ஒன்று: என் மச்சான் அமெரிக்காவில் இருக்கிறார், தைப் பொங்கலுக்கு வருகிறார். என் துப்பாக்கிக்கு வேண்டிய பாகத்தை அவர் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால், அஞ்சலில் வருவதைவிடச் சிக்கல் குறையுமா?

ஈரோடு வழக்குரைஞர்

சிக்கல் கூடும். இதுவரை ஒரு நாட்டுச் சட்டத்தைத்தான் பேசினோம். பொருள் புறப்படும் நாட்டின் ஏற்றுமதிச் சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரண ரைஃபிள், பிஸ்டல் வகைகளும் அவற்றின் பாகங்களும் 2020 மார்ச் 9 முதல் வெளியுறவுத் துறையின் பட்டியலிலிருந்து வணிகத் துறையின் பட்டியலுக்கு மாறின. பார்க்கும் துறை மாறியதே தவிர, கட்டுப்பாடு நீங்கவில்லை. அங்கே கடையில் யாரும் எதுவும் கேட்காமல் விற்பார்கள் என்பதால், நாட்டை விட்டு எடுத்துச் செல்லவும் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பொருளாகாது. இங்கே வந்து இறங்கியதும் உங்கள் மச்சானிடம் லைசென்ஸ் எங்கே என்று கேட்பார்கள். லைசென்ஸ் இருப்பது உங்களிடம். பொருள் இருப்பது அவரிடம். சொந்தப் பயன்பாடு என்ற அந்த ஒரு விலக்கும் அந்த நொடியே போய்விடும். பொங்கலுக்கு வருகிறவரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

பழைய மேசை (சேலம்)

உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் பழுதுபார்க்கும் மேசையில் நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இவ்வளவும் படித்த பிறகு கோபித் தம்பியிடம் கேட்கத் தோன்றுவது: அந்தப் பின் வந்து சேர்ந்தாலும் உங்கள் துப்பாக்கியில் பொருந்துமா?

அந்தக் காலத்துப் பர்மிங்காம் துப்பாக்கிகள் கையால் அரத்தில் தேய்த்துப் பொருத்தியவை. ஒரே பட்டறையில் ஒரே வாரத்தில் செய்த இரண்டு துப்பாக்கிகளின் பின்களை மாற்றிப் போட்டாலும் பொருந்தாமல் போகும். முனை ஒரு மயிரிழை நீண்டால் தோட்டாவின் கேப்பை (பின் குத்தும் சிறு வெடிமூடியை) துளைத்துவிடும், சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கி வரும். குறைந்தால் தோட்டா வெடிக்காது. ஆகவே இங்கிலாந்திலிருந்து வந்த பின்னையும் ஓர் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் மேசையில் வைத்து இழைத்துத்தான் போட வேண்டும். எப்படியும் அவரிடம்தான் போகப் போகிறீர்கள் என்றால், அந்தப் பின்னையே தம் உரிமத்துக்கு உட்பட்டு அவர் செய்து பொருத்துவாரா என்று கேட்பதல்லவா முதல் வேலை? என் காலத்தில் இத்தகைய வேலைகளில் பெரும்பாலானவை இறக்குமதி இல்லாமலேயே முடிந்தன.

அதற்கும் முன்பாக ஒன்று செய்யுங்கள். குழல்களைக் கழற்றித் திருப்பி, அடிப்புறத்தில் தட்டையாக இருக்கும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகள் அங்கே இருக்கும். முடி (கிரீடம்) சின்னத்தின் கீழ் ‘பிபி’, ‘பிவி’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் 1904க்குப் பிறகு முத்திரையிட்டது. குறுக்காக வைத்த செங்கோல்கள் இருந்தால் அதற்கு முந்தியது. ‘என்பி’ என்ற முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்ட குழல். அது இல்லாமல், குழலின் மேல் பாம்புத் தோல்போல் வரிகள் ஓடினால், பின்னைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, துப்பாக்கியை அப்பாருவின் நினைவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

பவானிக்கரை (கோபிசெட்டிபாளையம்)

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் குழல்களைக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகு முடிச் சின்னமும் ‘பிபி’, ‘பிவி’ எழுத்துகளும் தெரிந்தன. சற்றுத் தள்ளி ‘என்பி’ முத்திரையும் இருக்கிறது. வரிகள் எதுவும் இல்லை, குழல் ஒரே நிறம். இத்தனை ஆண்டுகள் துடைத்திருக்கிறேன், ஒருநாளும் இதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

இங்கிலாந்துக் கடைக்கு, வேண்டாம் என்று எழுதிவிட்டேன். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் பேசியாயிற்று. வரும் வியாழக்கிழமை கொண்டுவரச் சொல்கிறார். எடுத்துப் போகும்போது என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

பீளமேடு பட்டறை (கோவை)

நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். வழக்குரைஞர் ஐயா சொன்னதை எங்கள் தெருவில் உள்ள பட்டறைகள் எல்லாவற்றிலும் சொல்லிவிட்டேன். பொருள் எதற்கு என்று கேட்காமல் கடைந்து கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இருப்பது உண்மைதான்.

பழைய மேசை (சேலம்)

தம்பி, அசல் லைசென்ஸ் வேண்டும், நகல் போதாது; அதில் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, பூட்டி எடுத்துச் செல்லுங்கள். தோட்டாக்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கே விட்டுவிட்டு வருவதாக இருந்தால், துப்பாக்கியின் வரிசை எண்ணை எழுதி, கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். செய்தித்தாளில் விழுந்த அந்த முனையையும் ஒரு தாளில் மடித்து எடுத்துப் போங்கள். பின்னின் பழைய நீளம் எவ்வளவு என்பது அந்தத் துண்டைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.